அக்டோபர் எழுச்சி

கிள்ளான் பள்ளத்தாக்குச் சூரிய ஆய்வுக் கழகத்தின் செயற்குழுவில் ஒருவர்கூடக் கிள்ளானில் குடியிருக்கவில்லை. ‘டத்தோ’ என்ற அரசுப் பட்டம் பெற்ற தலைவர் கார்த்திகேசு பங்சாரில் இருந்தார். செயலாளரும் பொருளாளரும் பெட்டாலிங் ஜெயாவில். கூட்டம் நடப்பதோ பிரிக்பீல்ட்ஸில், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில். கிள்ளானில் இருந்தது கழகத்தின் ஆன்டெனா மட்டும்தான். லிட்டில் இந்தியாவில் ஒரு புடவைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் ஓர் அறை, அதற்கும் மேலே மொட்டை மாடி, அங்கே காலையிலிருந்து மாலைவரை சூரியனைப் பார்த்துத் திரும்பிக்கொண்டே இருக்கும் அந்த இரும்புக் கூடு. கட்டடம் டத்தோவின் மைத்துனருடையது. வாடகை இல்லை என்பதால் அங்கே வைத்தார்கள். விஞ்ஞானக் காரணம் எதுவும் கிடையாது. கட்டுரை எழுதும்போது அதையும் ஒன்று கண்டுபிடித்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

சூரியன் வெளிச்சத்தையும் சூட்டையும் மட்டும் அனுப்புவதில்லை, ரேடியோ அலைகளையும் அனுப்புகிறது. அதன் முகத்தில் ஏதாவது வெடித்தால் அலை கூடும். ஆன்டெனா அதைப் பிடிக்கும். அறையில் இருக்கும் கருவி அதைத் திரையில் கோடாக வரையும். சூரியன் எழும்போது கருவி தானாக இயங்கத் தொடங்கும், சூரியன் மறையும்போது தானாக நின்றுவிடும். பதிவுகள் இணையம் வழியே பங்சாருக்கும் பெட்டாலிங் ஜெயாவுக்கும் போய்ச் சேரும். யாரும் படியேற வேண்டியதில்லை.

இந்த ஆன்டெனாதான் டத்தோவுக்கு உலகத்தில் ஒரு பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தது. ஆண்டுதோறும் அக்டோபரை ஒட்டிச் சில வாரங்களுக்குச் சூரியனின் ரேடியோ அலை கூடுகிறது என்று கண்டுபிடித்தார். ‘அக்டோபர் எழுச்சி’ என்று அதற்குப் பெயரும் வைத்தார். பூமியின் சாய்வு, பகலும் இரவும் சமமாகும் காலம், நிலநடுக்கோட்டுக்கு மேலே காற்றுமண்டலம் என்று அழகழகான காரணங்கள். அப்படியென்றால் மார்ச் மாதத்திலும் வரவேண்டுமே, ஏன் வரவில்லை என்று சிலர் கேட்டார்கள். அதற்கு இன்னொரு கட்டுரை எழுதினார். ஐரோப்பாவில் ஒரு பெரிய கழகம் கைகோத்துக்கொண்டது. அவர்கள் தரும் ஆதரவில்தான் இங்கே இளம் ஆய்வாளர்களுக்கு நல்கை என்ற பண உதவி, மாநாட்டுப் பயணம், கணினி எல்லாம் நடந்தன.

டத்தோவைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் பல்கலைக்கழகத்தில் சேர்த்தவர். சூரியனை ஆராய்கிறேன் என்று ஒரு தமிழ்ப் பெண் சொன்னால் அவள் வீட்டார் தலையில் கை வைக்கும் ஊரில், ஆராயட்டுமே என்று முதலில் சொன்னவர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையில் இவ்வளவு கசப்பு இருந்திருக்காது.

விஷ்ணுப்ரியாவின் அம்மா சீதாலெட்சுமியும் அப்படித் தலையில் கை வைத்தவர்தான். காஜாங்கில் ஒரு தொழிற்சாலையில் முதுகு ஒடிய வேலை பார்த்து மகளை முனைவர் ஆக்கினார். முனைவர் பட்டம் வந்தது, நிரந்தர வேலை வரவில்லை. பல்கலைக்கழகத்தில் வருடத்துக்கு வருடம் நீட்டிக்கும் ஒப்பந்தம். அந்த டிசம்பரோடு அதுவும் முடிகிறது, இனி நீட்டிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கு இருந்த ஒரே வழி கழகத்தின் இளம் ஆய்வாளர் நல்கை. கிடைத்தால் இரண்டு வருடம் சூரியனோடு இருக்கலாம். கிடைக்காவிட்டால் காஜாங் டியூஷன் சென்டரில் பள்ளி இறுதியாண்டான ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு நியூட்டன் விதி. அம்மா டியூஷன் சென்டர்காரரிடம் ஏற்கெனவே பேசி வைத்துவிட்டிருந்தார்.

விண்ணப்பத்துக்கு வலு சேர்க்க வேண்டும் என்று அக்டோபர் எழுச்சியையே விரித்து ஓர் அத்தியாயம் எழுத உட்கார்ந்தாள். பாதியில் பதிவு நின்றுபோனது. ஏதோ வயர் கழன்றிருக்கும் என்றார் செயலாளர். போய்ப் பார்க்க ஒருவருக்கும் மனம் இல்லை. தீபாவளி நேரத்தில் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் கார் நிறுத்த இடம் தேடுவதும் ஒன்றுதான், கைலாசத்துக்குப் போவதும் ஒன்றுதான். கழகத்தின் விஞ்ஞானிகள் தீபாவளி முடிந்து தெரு வெறிச்சோடிய பிறகுதான் அந்தப் பக்கம் தலைகாட்டுவது வழக்கம். விஷ்ணுப்ரியாவிடம் கார் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் தான் தங்கியிருந்த அறையிலிருந்து நடந்து, கேஎல் சென்ட்ரலில் கோமுட்டர் ரயில் ஏறிப் போனாள்.

போய் இறங்கினால் தெருவே தெரியவில்லை. இரண்டு பக்கமும் கூடாரங்கள். புடவை, பஞ்சாபி சூட், வளையல், முறுக்கு. கூடாரத்துக்குள் இருட்டு என்பதால் ஜிகினா மின்னட்டும் என்று பட்டப்பகலிலேயே எல்இடி சரங்களை எரியவிட்டிருந்தார்கள். ஒரு கடைக்கு நூறு சரமாவது இருக்கும். சரத்துக்குச் சரம் மலிவு விலை அடாப்டர். அவள் நெரிசலில் நீந்தி மூன்று மாடி ஏறி, வயரைச் சரியாகச் செருகித் திரையைப் பார்த்தாள். கோடு மலைபோல் எழுந்து நின்றது. அன்று சனிக்கிழமை.

சனிக்கிழமை என்பதுதான் உறுத்தியது. தன் அறைக்குத் திரும்பிப் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தாள். எல்லா வருடமும் சனி, ஞாயிறுகளில் எழுச்சி கொஞ்சம் கூடுதல். சூரியனுக்கு ஏது வார விடுமுறை? பிறகு வருடங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினாள். தீபாவளி அக்டோபரில் வந்த வருடம் எழுச்சி சீக்கிரம் தொடங்கிச் சீக்கிரம் அடங்கியது. தீபாவளி நவம்பர் நடுவில் வந்த வருடம் எழுச்சியும் நல்ல பிள்ளையாக நவம்பருக்குத் தள்ளிப் போயிருந்தது. தீபாவளிக்கு மறுநாள் ஒவ்வொரு வருடமும் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. சூரியன் பஞ்சாங்கம் பார்த்துத்தான் வெடிக்கிறது என்று நம்பினாலொழிய இதற்கு வேறு விளக்கம் இல்லை.

மலிவான அடாப்டர்கள் ரேடியோ இரைச்சலைக் கக்கும் என்பது இந்தத் துறையில் யாருக்கும் தெரியும். யாரும் வந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஒரே ஒரு சோதனை பாக்கி. மாலையில் தானாக நிற்கும் கருவியை நிற்காமல் ஓடும்படி மாற்றிவிட்டு வந்தாள். மறுநாள் காலை பிரிக்பீல்ட்ஸ் அறையில் இருந்தபடியே பார்த்தாள். சூரியன் மறைந்த பிறகும் எழுச்சி குறையவே இல்லை. கடைகள் அடைக்கும் நேரத்தில்தான் படிப்படியாக இறங்கியிருந்தது.

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது, தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு விண்ணப்பத்தின் நினைவு வந்தது. சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

டத்தோவிடம் நேரில் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்தாள். பிரிக்பீல்ட்ஸில் வழக்கமான கடையில் மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னார். இலை போட்டுச் சோறு வந்து, குழம்பும் ஊற்றியாகிவிட்டது. அவள் சோற்றில் கையை வைக்கவில்லை.

“டத்தோ, அது சூரியன் இல்ல. கீழ எரியுற தீபாவளி லைட்டு.”

ஒன்றுவிடாமல் சொன்னாள். சனிக்கிழமை, பஞ்சாங்கம், மாலைப் பதிவு, இதையெல்லாம் வைத்து மாற்றி எழுதிய அத்தியாயம் எல்லாம். டத்தோ குறுக்கே பேசாமல் கேட்டார். ரசம் கொண்டுவந்த பையனைக் கையைக் காட்டி அனுப்பினார். கேட்டு முடித்ததும் ‘எப்படி’ என்றோ ‘நிச்சயமா’ என்றோ கேட்பார் என்று அவள் எதிர்பார்த்தாள்.

“யார்கிட்டயாச்சும் சொன்னியா?” என்றார்.

“இல்ல டத்தோ. உங்ககிட்டதான் மொதல்ல.”

“நல்லது செஞ்ச.”

அந்த நொடியில் அவளுக்குப் புரிந்துவிட்டது. மனிதருக்கு இந்தச் சந்தேகம் எப்போதோ வந்திருக்கிறது. வந்ததை வந்த வழியே அனுப்பிவிட்டிருக்கிறார்.

“அடுத்த வருஷம் அக்டோபர்ல வெள்ளக்காரங்க வராங்க ப்ரியா,” என்றார் டத்தோ. “அக்ரிமென்ட்ட ரினியூ பண்ண. நீ இத இப்ப வெளிய விட்டா எனக்கு ஒன்னும் ஆகாது லா. நான் ரிட்டையர் ஆன ஆளு. குகன் இப்பதான் பிஎச்டிக்கு ரெஜிஸ்டர் பண்ணியிருக்கான். ரோகிணி கைக்குழந்தைய வச்சிக்கிட்டு லேப்ல உக்காந்திருக்கா. அதுங்களுக்கெல்லாம் யாரு குடுப்பா? நீ குடுப்பியா?”

“ஆனா அது தப்பு டத்தோ.”

“தப்பு இல்லன்னு நான் சொன்னேனா? கரெக்‌ஷன் போடுவோம். கண்டிப்பா போடுவோம். நீதான் ஃபர்ஸ்ட் ஆத்தர். ஒரு வருஷம் பொறு, அவ்வளவுதான். சயின்ஸ் எங்கயும் ஓடிப் போயிடாது லா.” பிறகு, அப்போதுதான் ஞாபகம் வந்தவர்போல, “வியாழக்கிழமை உனக்கு இன்டர்வியூதானே? எல்லாம் நல்லா இருக்கு. அந்த ஒரு சேப்டர மட்டும் எடுத்துடு. சாப்பிடுமா, ஆறிடப் போகுது.”

மிரட்டல் என்று ஒரு சொல் இல்லை. மிரட்டியிருந்தால் இலையை மூடிவிட்டு எழுந்து போயிருப்பாள்; அந்த ரோஷம் அவளுக்கு உண்டு. அன்பாகச் சொல்லிவிட்டார். அவள் சாப்பிட்டாள். அத்தியாயத்தை எடுத்தாள். ராத்திரி படுக்கையில் புரண்டபோது குகனையும் ரோகிணியின் குழந்தையையும் நினைத்துக்கொண்டாள். அடுத்தவர் பிழைப்பைக் காரணம் காட்டும்போது நாம் நமக்கே நல்லவராகத் தெரிவோம், அதில் ஒரு சுகம் இருக்கிறது. காஜாங் டியூஷன் சென்டரை அவள் நினைக்கவே இல்லை என்று சத்தியம் செய்யச் சொன்னால் மாட்டிக்கொள்வாள்.

நல்கை கிடைத்தது. டிசம்பர் விருந்தில் மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தி, “அக்டோபர் எழுச்சி ஆய்வை அடுத்த தலைமுறைக்கு எடுத்துச் செல்லும் இளம் விஞ்ஞானி” என்று வாசித்தார்கள். கைதட்டலுக்கு நடுவே அவள் டத்தோவைப் பார்த்தாள். அவர் மற்றவர்களைவிடச் சத்தமாகத் தட்டிக்கொண்டிருந்தார். அம்மா புதுப் புடவை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது ரயிலில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, “இனிமே யாராச்சும் கேட்டா எம்மக சைன்டிஸ்ட்டுன்னு தைரியமா சொல்லலாம்ல?” என்று கேட்டு அழுதார். சொல்லலாம்மா என்றாள் விஷ்ணுப்ரியா. அவளுக்கும் அழுகை வந்தது. அம்மா அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் சல்மா வந்தாள். முதுகலை மாணவி, கிள்ளான்காரி, கழகம் தரும் சின்ன உதவித்தொகையில் விஷ்ணுப்ரியாவின்கீழ் சேர்ந்தாள். வாய் ஓயாது, கையும் ஓயாது. ஆன்டெனா அறையைக் கூட்டிப் பெருக்கி, துருப்பிடித்த ஆணியை மாற்றி, இரண்டே மாதத்தில் கருவியைத் தன் வீட்டு மிக்சிபோல் பழக்கிக்கொண்டாள். ‘அக்கா அக்கா’ என்று சுற்றிவந்தாள். விஷ்ணுப்ரியாவுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. கூடப் பிறந்த தங்கை இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வாள்.

அந்த வருடம் தீபாவளி சீக்கிரமே வந்தது. செப்டம்பரிலேயே தெருவில் கூடாரம் கட்டிவிட்டார்கள். ஆன்டெனா கட்டடத்துக்கு நேர் கீழே இருந்த கூடாரம் சல்மாவின் அண்ணன் இம்ரானுடையது. பஞ்சாபி சூட் வியாபாரம். கழகத்து வேலை இல்லாத நேரங்களில் சல்மா கல்லாவில் உட்காருவாள்.

ஒரு காலை விஷ்ணுப்ரியா அறையில் இருந்தபோது சல்மா மூச்சிரைக்க ஏறிவந்தாள். காதில் போன்.

“அக்கா, ஒன்னும் கேக்காதீங்க. ஸ்கிரீனையே பாருங்க. அண்ணே, இப்ப ஆஃப் பண்ணு.”

எழுந்து நின்ற கோடு சட்டென்று ஒரு படி இறங்கியது.

“ஆன் பண்ணு.”

ஏறியது.

“இன்னொரு வாட்டி ஆஃப். போதும்ணே, ஆன் பண்ணிக்கோ, கஸ்டமர் கத்துறாங்க பாரு.” போனை வைத்துவிட்டுக் கைகொட்டிச் சிரித்தாள். “பாத்தீங்களா! நேத்து ஃபியூஸ் போயி எங்க கட லைட்டு அணைஞ்சிச்சிக்கா. இங்க வந்து பாத்தா கரெக்டா அந்த நேரத்துல கிராஃப் விழுந்திருக்கு. டத்தோ இத்தன வருஷமா சூரியன்னு சொன்னது எங்க அண்ணனத்தான்! நான் நல்கைக்கு இதத்தான் எழுதப் போறேன்.”

விஷ்ணுப்ரியா சிரிக்கவில்லை. சல்மாவின் சிரிப்பும் மெதுவாக அடங்கியது.

“உக்காரு சல்மா,” என்றாள் விஷ்ணுப்ரியா. “அடுத்த மாசம் வெளிநாட்டுலேந்து வராங்க. குகன் இருக்கான், ரோகிணி இருக்கா. இது இப்ப வெளிய போனா எல்லாருக்கும் அடி. கொஞ்ச நாள் பொறு. கரெக்‌ஷன் போடுவோம், உன் பேர முன்னாடி போட்டுப் போடுவோம். சயின்ஸ் எங்கயும் ஓடிப் போயிடாது லா.”

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது யாருடைய குரல் என்று அவளுக்கே கேட்டது.

சல்மா உட்காரவில்லை.

“இத உங்ககிட்ட யாரு சொன்னாங்க அக்கா?”

“யாரும் சொல்லல.”

“அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியும்.”

விஷ்ணுப்ரியா கருவியின் பக்கம் திரும்பி எதையோ சரிசெய்வதுபோல் நின்றாள். சல்மா இறங்கிப் போகும் செருப்புச் சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது.

சல்மா சொன்னபடியே விண்ணப்பத்தில் எழுதினாள். தேர்வுக் குழுவில் இளம் ஆய்வாளர்களின் குரலும் ஒலிக்க வேண்டும் என்று கழகம் அந்த வருடம் ஒரு புது இடம் உண்டாக்கி, அதில் விஷ்ணுப்ரியாவை உட்காரவைத்திருந்தது. சாப்பாட்டுக் கடை மாடியில் கூட்டம். டத்தோ சல்மாவின் விண்ணப்பத்தைப் புரட்டி மூடினார். மேசைமேல் விஷ்ணுப்ரியாவின் பக்கமாகத் தள்ளினார்.

“உன் ஸ்டூடன்ட். நீ என்ன சொல்ற?”

“திறமை இருக்கு டத்தோ,” என்றாள் விஷ்ணுப்ரியா. “ஆனா இன்னும் கொஞ்சம் பக்குவம் வேணும்.”

யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்குத்தானே அத்தனை பேரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். தே தாரிக் வந்தது, குடித்தார்கள். பக்குவம்! இருபத்து நான்கு வயதில் ஒருத்தி சுவிட்சை அணைத்துப் பார்த்து உண்மையைக் கண்டுபிடித்தாள். இவர்கள் அதற்குப் பக்குவம் போதாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கையெழுத்துகளில் ஒன்று விஷ்ணுப்ரியாவுடையது.

சல்மா சண்டை போடவில்லை. உதவித்தொகை அந்த மாதத்தோடு முடிந்தது. கருவியின் பதிவுகளைப் பார்க்கும் அனுமதியைச் செயலாளர் கூட்டம் நடந்த அன்று மாலையே நிறுத்திவிட்டார். சாவியைத் திருப்பித் தர வந்தவளிடம் விஷ்ணுப்ரியா, “நீ வேணும்னா வெளிநாட்டுக்காரங்களுக்கு எழுது சல்மா, நான் தடுக்க மாட்டேன்,” என்றாள். அப்படிச் சொன்னால் மனம் லேசாகும் என்று நினைத்திருப்பாள்போல.

“என்னத்த வச்சி எழுதுறது? டேட்டா எல்லாம் உங்ககிட்ட இருக்கு,” என்றாள் சல்மா. “நல்கை கெடைக்காத வயித்தெரிச்சல்ல எழுதுறான்னு சொல்லுவீங்க. நீங்க சொல்லாட்டியும் அவங்க சொல்லுவாங்க.” சாவியை மேசையில் வைத்தாள். “சைபர்ஜெயாவுல ஒரு கம்பெனில கூப்பிட்டிருக்காங்க. தீபாவளி முடிஞ்சதும் போறேன்.”

தீபாவளிக்கு முந்தைய வாரம் வெளிநாட்டு விருந்தினர்கள் வந்தார்கள். ஹென்ரிக் என்ற உயரமான பேராசிரியரும் அவருடைய உதவியாளரும். வேன் நிறுத்த டத்தோ யார் யாரையோ பிடித்துப் போக்குவரத்துக் கூம்பு வைத்து இடம் பிடித்திருந்தார். கழகம் தொடங்கிய நாளிலிருந்து தீபாவளிக் கூட்டத்தில் அவர் கிள்ளானுக்குள் கால் வைத்தது அன்றுதான். விஷ்ணுப்ரியா வேனிலேயே கூட வந்தாள். இப்போதெல்லாம் அவளை வேனில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

ஹென்ரிக்குக்குத் தெரு பிடித்துப்போனது. போட்டோ எடுத்தார், முறுக்கு வாங்கிக் கடித்தார், என்ன பண்டிகை இது என்று ஆங்கிலத்தில் கேட்டார். விளக்குகளின் பண்டிகை என்று டத்தோ பெருமையாகச் சொன்னார். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

இம்ரானின் கூடாரத்தைத் தாண்டித்தான் படிக்கட்டுக்குப் போக வேண்டும். சல்மா கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மேலே எல்இடி சரங்கள் மழைபோல் தொங்கின. விஷ்ணுப்ரியா கண்டுங்காணாமல் போக நினைத்தாள்.

“அக்கா,” என்று சல்மா கூப்பிட்டாள். மரியாதையாக எழுந்து நின்றாள். “மேல அப்சர்வேஷனா? லைட்ட அணைச்சிடவா, இருக்கட்டுமா?”

டத்தோ ஒரு பஞ்சாபி சூட்டைத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தார். அந்தப் பெண் என்ன கேட்கிறாள் என்று ஹென்ரிக் ஆர்வமாகக் கேட்டார்.

ஒரே ஒரு சொல்தான். ‘அணைச்சிடு’ என்று சொல்லியிருந்தால் போதும், மற்றதை அந்தத் திரை சொல்லியிருக்கும். வேறு யாரும் எதுவும் பேசவேண்டி இருந்திருக்காது.

“துணி வாங்குறீங்களான்னு கேக்குறா,” என்று விஷ்ணுப்ரியா ஹென்ரிக்குக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள். சல்மாவிடம் தமிழில் சொன்னாள்: “இருக்கட்டும்.”

சல்மா தலையாட்டினாள். அவளுக்கும் ஆங்கிலம் தெரியும்.

மேலே அறையில் குளிர்சாதனம் ஓடியது. திரையில் அக்டோபர் எழுச்சி கம்பீரமாக நின்றது. இவ்வளவு தெளிவாக இருக்கும் என்று நினைக்கவில்லை என்றார் ஹென்ரிக். டத்தோ பூமியின் சாய்விலிருந்து தொடங்கினார். இத்தனை வருடம் சொல்லிச் சொல்லி அது அவருக்குச் சுப்ரபாதம்போல் வந்தது. உதவியாளர் குறிப்பெடுத்தார். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில் தடை ஒன்றும் இருக்காது என்று ஹென்ரிக் சொல்லிக்கொண்டிருந்தபோதே கோடு ஒரு படி இறங்கியது.

ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. ஒரே சீராக, யாரோ நிதானமாக எண்ணிக்கொண்டு செய்வதுபோல.

டத்தோ பேச்சை நிறுத்தினார். அந்த அறையில் இருந்த நான்கு பேரில் இரண்டு பேருக்கு அது என்னவென்று தெரியும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

ஹென்ரிக் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். துடிப்பு என்றார். சூரியனின் ரேடியோ அலையில் இப்படி ஒரு சீரான துடிப்பைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். பாவம், உண்மையான சந்தோஷம். இதை இதற்கு முன்னால் பதிவு செய்திருக்கிறீர்களா என்று கேட்டார். டத்தோ கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். வியர்த்திருந்தார். கேள்வி விஷ்ணுப்ரியாவின் பக்கம் திரும்பியது.

அவள் ஜன்னல் ஓரமாக நின்றிருந்தாள். கீழே கூடாரத்துக்கு வெளியே வெயிலில் சல்மா நின்றுகொண்டிருந்தாள். கையில் எக்ஸ்டென்ஷன் சுவிட்ச். அணைத்தாள், போட்டாள். கண் மட்டும் மூன்றாவது மாடி ஜன்னலிலேயே இருந்தது. கேலி இல்லை அந்த முகத்தில். இன்னமும் அக்காவை நம்பிக்கொண்டிருக்கும் முகம் அது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

“இல்லை,” என்றாள் விஷ்ணுப்ரியா ஆங்கிலத்தில். “இதுதான் முதல் தடவை.”

அப்படியென்றால் இதை நீதான் எழுத வேண்டும் என்று ஹென்ரிக் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். கிள்ளான் துடிப்பு என்று பெயர் வைக்கலாம் என்றார். இளம் விஞ்ஞானிகளை ஆதரிப்பது என்றால் இதுதான் என்று உதவியாளரிடம் சொன்னார். டத்தோவுக்கு மூச்சு திரும்பியிருந்தது. “எழுதுவா, கண்டிப்பா எழுதுவா,” என்று தமிழில் சொல்லிவிட்டு, நினைவு வந்து அதையே ஆங்கிலத்தில் சொன்னார். அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

திரையில் கோடு இன்னும் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. விஷ்ணுப்ரியா, ஸ்கிரீனில் வெயில் அடிக்கிறது என்று சொல்லி, ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடினாள்.